வீட்டுக்குள் பூச்சி வராமல் இருக்க: கடையில் அடிக்கடி கேட்ட கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பாகான் செராயில் சின்னதாக ஒரு ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறேன். ஊருக்கு ஒரு பக்கம் கிரியான் வயல்கள், இன்னொரு பக்கம் செம்பனைத் தோட்டம். அதனால் வயல் பூச்சி, தோட்டத்துப் பூச்சி, சாக்கடைக் கரப்பான் எல்லாம் ஒரே வீட்டு விளக்கடியில் வந்து சேரும். ஆணி வாங்க வருபவர் ஒரு நிமிஷத்தில் போய்விடுவார். பூச்சி மருந்து வாங்க வருபவர் பத்து நிமிஷம் நின்று கதை சொல்லிவிட்டுத்தான் போவார்.

கேட்பது எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள்தான். நான் பிறந்து வளர்ந்தது தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில். பலகைச் சுவர், தகரக் கூரை, பின்னால் பால்மரம், அதாவது ரப்பர். அங்கே பார்த்ததையும் கடையில் இத்தனை வருஷம் கேட்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டுவிட்டேன்.

அண்ணே, எல்லாப் பூச்சிக்கும் சேர்த்து ஒரே மருந்து இருந்தா குடுங்களேன்?

இல்லை. டப்பாவில் கொசு, கரப்பான், எறும்பு, ஈ என்று எல்லாப் படமும் போட்டிருக்கும். மேலே பட்டால் எல்லாமே சாகும், அதில் பொய் இல்லை. ஆனால் கண்ணில் பட்டது மட்டும்தான் சாகும். கூட்டில் இருப்பது, முட்டையில் இருப்பது, நாளைக்கு வரப்போவது எல்லாம் அப்படியே இருக்கும். சில பூச்சிக்கு அந்த டப்பாவே தொல்லையைக் கூட்டிவிடும். எறும்பு, கரப்பான் கேள்விகளில் அதைச் சொல்கிறேன்.

அதனால் மருந்து கேட்பவரிடம் நான் முதலில் மூன்று கேள்வி கேட்பேன். பூச்சி பார்க்க எப்படி இருந்தது? பகலில் வந்ததா, இரவிலா? வீட்டில் எந்த இடத்தில்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதிப் பேருக்கு மருந்தே தேவைப்படாது. பூச்சி உள்ளே வருவது வெளிச்சத்துக்காக, தண்ணீருக்காக, தீனிக்காக. சில சமயம் மழைக்கு ஒதுங்க. எதற்காக வந்தது என்று தெரிந்தால் நிறுத்துவது சுலபம்.

கதவு ஜன்னல் எல்லாம் பூட்டித்தான் வைக்கிறோம். அப்புறம் எந்த வழியா வருது?

இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு உள்ளே நில்லுங்கள். வெளியே பிள்ளையை டார்ச் லைட்டோடு அனுப்பி, கதவடி, ஜன்னல் ஓரம், ஏர்கோன் குழாய் சுவரைத் துளைத்து வரும் இடம் என்று ஒவ்வொன்றாக அடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் உள்ளே கோடாகத் தெரிகிற இடமெல்லாம் வாசல். என் வீட்டில் இப்படிப் பார்த்தபோது பதினொரு இடம் தெரிந்தது. பின்கதவுக்கு அடியில் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி. அதைப் பூட்டிவிட்டுத்தான் தினமும் நிம்மதியாகப் படுத்திருக்கிறேன்.

கதவடிக்கு ரப்பர் பட்டை கடையில் கிடைக்கும். தோட்டத்தில் எங்கள் அப்பா பழைய சைக்கிள் டியூபைக் கீறி, சின்ன ஆணியால் கதவின் கீழ் விளிம்பில் அடித்துவிடுவார். அதுவும் நன்றாகவே வேலை செய்யும். குழாய் ஓரத்துக்குச் சிலிக்கோன். தகரக் கூரையின் வளைவுகள் சுவரில் உட்காரும் இடத்தில் வரிசையாக ஓட்டை இருக்கும், அதற்கு ஸ்பாஞ்சு வைத்து அடைக்கலாம். குளியலறையில் தண்ணீர் இறங்கும் ஓட்டையை யாரும் நினைப்பதில்லை. பெரிய கரப்பான் பாதி அந்த வழியாகத்தான் ஏறி வரும். இரவில் அதற்கு ஒரு மூடி போடுங்கள். அதிகம் புழங்காத குளியலறையாக இருந்தால் வாரம் ஒருமுறை ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே வளைகுழாயில் தண்ணீர் நின்றால்தான் அடைப்பு இருக்கும், காய்ந்துவிட்டால் சாக்கடையோடு நேர்வழி.

ஜன்னலுக்கு வலை அடிச்சா காத்து வராதுன்னு வீட்டுக்காரர் சொல்றார்…

கொஞ்சம் குறையும், உண்மைதான். தூசி அடைந்தால் இன்னும் குறையும். மாதம் ஒருமுறை கழுவினால் அவருக்கும் காற்று வரும். எல்லா ஜன்னலுக்கும் ஒரே நாளில் போட வசதியில்லை என்றால் படுக்கை அறை, அப்புறம் சமையலறை என்ற வரிசையில் போடுங்கள்.

மழை விட்டு சாயங்காலம் லைட்டைப் போட்டா ஈசல் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. என்ன அடிக்கிறது?

எதையும் அடிக்காதீர்கள். மலாய்க்காரர்கள் கெல்காத்து என்று சொல்வது இதைத்தான். ஈசல் என்பது இறக்கை முளைத்த கரையான். பழைய புற்றிலிருந்து புதுக்குடித்தனம் போகக் கிளம்பிய கூட்டம். அரைமணி, ஒருமணி நேரக் கூத்து. வெளி விளக்கையும் கூடத்து விளக்கையும் அணைத்துவிட்டு, வாசலுக்குத் தள்ளி ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டு, அதற்குக் கீழே பேசினில் தண்ணீர் வையுங்கள். எல்லாம் அங்கே போய் விழும். மறுநாள் கோழிக்குப் போட்டால் அதற்குத் தீபாவளி.

விளக்கைப் பற்றி ஒன்று. வெள்ளையாக, நீலம் கலந்து அடிக்கிற எல்இடி பல்புக்குப் பூச்சி அதிகம் வரும். மஞ்சள் நிற எல்இடிக்குக் குறைவு. வாசல் நிலைக்கு நேர்மேலே விளக்கு இருந்தால், கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் பூச்சியை நாமே உள்ளே கூப்பிடுகிறோம். வீட்டு முன்தாழ்வாரமான அஞ்சடியின் அந்தக் கோடியில் மாட்டி, வாசல் பக்கம் திருப்பிவிட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

வெளியிலிருந்து வந்த ஈசலுக்குப் பயப்பட வேண்டாம். ஜன்னல் பூட்டியிருக்கும்போதே வீட்டுக்குள் உதிர்ந்த இறக்கை குவியலாகக் கிடந்தால் அது வேறு விஷயம். அப்படியானால் கீழே கரையான் கேள்வியைப் பாருங்கள்.

அறுப்பு மெஷின் வயல்ல இறங்கினா ஒரு சிவப்பும் கறுப்புமா எறும்பு மாதிரி வருதே, அது கடிச்சா அக்கி வருமாமே?

அது எறும்பு இல்லை, ஒரு வகை வண்டு. பள்ளி விடுதிகளில் பிள்ளைகள் சார்லி என்று சொல்வார்கள். மலாயில் செமுட் காயாப். காயாப் என்றால் அக்கி. பெயரிலேயே குழப்பம் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளம், மெல்லிய உடம்பு, கறுப்புத் தலை, ஆரஞ்சு நெஞ்சு, நடுவில் நீலப்பச்சையாகக் குட்டி இறக்கை மூடி, வயிறு ஆரஞ்சு, வால் நுனி மறுபடி கறுப்பு. வேகமாக ஓடும், தொட்டால் தேள் மாதிரி வாலைத் தூக்கும்.

இது கடிக்காது, கொட்டாது. இதன் உடம்பு நீரில் பெடரின் என்ற நச்சு இருக்கிறது. தூக்கத்தில் நாம் தட்டி நசுக்கும்போது அது தோலில் படும். உடனே ஒன்றும் தெரியாது. மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள்தான் சிவந்து, எரிந்து, கோடு போட்ட மாதிரி கொப்புளம் வரும். முழங்கை மடிப்பில் பட்டால் மடிப்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முத்திரை விழும். இதைப் பார்த்துவிட்டு அக்கி என்று நினைத்துக் காவி குழைத்து எழுதப் போனவர்களை எனக்குத் தெரியும். அக்கி உடம்புக்குள் இருக்கும் கிருமியால் வருவது, உடம்பின் ஒரு பக்கமாகப் பட்டையாகப் படரும். இது வெளியிலிருந்து பட்ட புண்.

வயலில் இந்த வண்டு நல்லது செய்கிறது. நெல்லின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிகளைத் தின்று வாழ்வது இது. அறுவடையில் இருக்க இடம் போனதும் கிளம்பி, இரவில் விளக்கைப் பார்த்து வருகிறது. நம் பக்கம் வருஷத்துக்கு இரண்டு போகம், ஆக இரண்டு முறை இந்தத் தொல்லை. அந்த நாட்களில் மட்டும் சாயங்காலமே ஜன்னலைச் சாத்தி, கட்டிலைச் சுவரிலிருந்தும் விளக்கடியிலிருந்தும் தள்ளிப் போட்டு, படுக்கும் முன் விரிப்பையும் தலையணையையும் உதறுங்கள். கொடியில் காயும் துண்டையும் உதறிவிட்டு முகம் துடையுங்கள்.

கழுத்துல ஊர்ந்துச்சு, தெரியாம நசுக்கிட்டேன். இப்ப என்ன செய்றது?

உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கழுவாத கையோடு கண்ணைத் தொடாதீர்கள், நச்சு கையோடு பயணம் போகும். உடுப்பையும் துவைக்கப் போடுங்கள். கொப்புளம் வந்தால் உடைக்க வேண்டாம், பற்பசை தடவ வேண்டாம். கிளினிக்கில் களிம்பு தருவார்கள், ஒன்றிரண்டு வாரத்தில் ஆறும், கறுப்புத் தழும்பு கொஞ்ச நாள் நிற்கும். கண்ணில் பட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்த தடவை ஊர்ந்தால் ஊதிவிடுங்கள், அல்லது ஒரு தாளை நீட்டி அதில் ஏறவிட்டு உதறுங்கள். கை தானாக ஓங்கும். அதை அடக்குவதுதான் கஷ்டம்.

நாங்க வீட்டை அவ்வளவு சுத்தமா வச்சிருக்கோம். அப்படியும் டிங்கிக் கொசு எங்க வீட்டுலதான் இருக்குன்னு சொல்றாங்களே தம்பி?

அம்மா, அந்தக் கொசுவுக்கு உங்கள் மாதிரி சுத்தமான வீடுதான் பிடிக்கும். ஏடிஸ் கொசு முட்டையிடுவது தெளிந்து நிற்கிற தண்ணீரில். சாக்கடையில் இருப்பது வேறு கொசு. ஏடிஸ் கால்களில் கறுப்பு வெள்ளை வரி இருக்கும், பகலில் கடிக்கும். காலையில் விடிந்த பிறகும் மாலையில் இருட்டும் முன்பும் அதிகம். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும்.

ஒரு வீட்டில் நான் பார்த்தது இது. வாசலில் குப்பையே இல்லை, லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) கழுவி விட்டிருந்தார்கள். ஆனால் சாமி மேடையில் வெள்ளி சொம்பில் தண்ணீர், போன வெள்ளிக்கிழமை வைத்தது. அதில் நான்கு புழு நெளிந்து நெளிந்து மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுக் கீழே போனது. துளசித் தொட்டியின் அடித்தட்டு, ஐஸ்பெட்டிக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு, கூரை ஓரத்துத் தகரக் கால்வாயில் அடைந்த இலை, மூடி இல்லாத குளியல் தொட்டி, இவற்றையெல்லாம் வாரம் ஒரு நாள் பாருங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்க்க வேண்டும். முட்டை விளிம்பில் ஒட்டியிருக்கும்; காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். கொட்ட முடியாத தொட்டிக்குக் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து, பத்து லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கு.

பால்மரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. பால்வெட்டு நிறுத்திய மரங்களில் பால் பிடிக்கும் மங்கு நிமிர்ந்தபடியே மாட்டியிருக்கும். ஒரு மழை பெய்தால் ஒவ்வொரு மங்கும் ஒரு கொசுத் தொட்டி. நடந்து போகிற வழியில் கவிழ்த்துவிட்டுப் போங்கள்.

புகை அடிச்சுட்டுப் போய் ஒரு வாரம் ஆகல, மறுபடி கொசு. மருந்துல கலப்படமா?

கலப்படம் இல்லை. புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் இருக்கும் புழுவுக்கும் விளிம்பில் இருக்கும் முட்டைக்கும் ஒன்றும் ஆகாது. மேலே சொன்ன சொம்பு அப்படியே இருந்தால் அடுத்த வாரம் புதுக் கூட்டம் தயார். இன்னொரு காரணம், புகை வண்டிச் சத்தம் கேட்டதும் நாம் எல்லாரும் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிறோம். கொசு உள்ளே சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். சாப்பாட்டை மூடி, மீன் தொட்டியை மூடி, பிள்ளைகளையும் நாயையும் கூட்டிக்கொண்டு வெளியே போய், ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் முறை.

சுகாதார இலாகா ஆள் வந்து புழு இருக்குன்னு சொன்னா அபராதமா?

ஆமாம். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் 1975 என்று ஒன்று இருக்கிறது. அங்கேயே எழுதும் அபராதம் 500 வெள்ளி (ரிங்கிட்) வரை. கோர்ட்டுக்குப் போனால் முதல் குற்றத்துக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். வாடகை வீடு, தண்ணீர்த் தொட்டி வீட்டுக்காரருடையது என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். குடியிருப்பவரையும் கேட்பார்கள்.

எங்க ஊரு பேரே செராய். செராய் நட்டா கொசு வராதா?

இதைக் கேட்காதவரே இல்லை. பாகான் என்றால் படகுத்துறை, செராய் என்றால் எலுமிச்சைப்புல். ஊர் பேரில் இருக்கிறதே தவிர, ஊரில் கொசுவுக்குக் குறைச்சல் இல்லை. செடி சும்மா நின்றால் கொசுவுக்கு ஒன்றும் ஆகாது. எண்ணெயாக எடுத்துத் தோலில் தடவினால் கொஞ்ச நேரம் தடுக்கும், அதுவும் குழம்புக்குப் போடும் செராய் அல்ல, செராய் வாங்கி என்ற மணச்செராய். வியர்த்தால் போச்சு. பால்வெட்டுக்கோ தோட்ட வேலைக்கோ போகிறவர்கள் டீட் என்ற கொசுவிரட்டி கலந்த களிம்பு வாங்கிக்கொள்வது நல்லது.

கொசுவத்தியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2003ல் வெளிவந்த ஓர் ஆய்வில் சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் சுருள்களை எரித்துப் பார்த்தார்கள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை புகைப்பதற்குச் சமம் என்று கண்டார்கள். நானும் சுருள் விற்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. அஞ்சடியில் கொளுத்துங்கள். கைக்குழந்தை படுக்கும் அறையில் பூட்டி வைத்துக் கொளுத்தாதீர்கள். குழந்தைக்கு வலைதான். சாம்பிராணியும் வேப்பிலைப் புகையும் அதே கதை, கொசு கொஞ்ச நேரம் விலகிப் போகும், புகை நம் நெஞ்சுக்குள் வரும்.

எங்க தாத்தா காலத்துல தோட்டத்துல ஆத்துல எண்ணெய் ஊத்துவாங்களாம், அது எதுக்கு?

மலேரியாவுக்கு. ரப்பர் போடக் காட்டை வெட்டியதும் நிழலில் ஓடிய சிற்றாறுகள் வெயிலுக்கு வந்தன. மலையோரத் தோட்டங்களில் மலேரியா பரப்பிய அனோபிலிஸ் கொசுவுக்கு வெயில் படும் தெளிந்த ஓடைதான் வேண்டும். லயத்தில் ஆட்கள் கொத்துக்கொத்தாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். 1901ல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பை வடியவிட்டு நோயைக் குறைத்துக் காட்டினார். அந்த வேலை பிறகு தோட்டங்களுக்கும் பரவியது. ஓடையில் எண்ணெய் அடித்தால் மேலே படலம் படியும், புழுவுக்கு மூச்சு முட்டும். முதுகில் தகர டின்னோடு ஓடை ஓரமாக நடக்க ஓர் ஆள் தனியாகவே இருந்தார். இப்போது நீங்கள் வீட்டில் அப்படி எண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை, தண்ணீரைக் கொட்டினால் போதும்.

எறும்புக்கு ஸ்ப்ரே அடிச்சேன். ஒரு வரிசை இருந்தது இப்ப மூணு வரிசையா வருது!

முதல் கேள்வியில் சொன்னது இதுதான். வீட்டுக்குள் வரும் சில குட்டி எறும்புகளின் கூட்டில் ராணிகள் பல இருக்கும். மருந்து அடித்துக் கலைத்தால் ஆளுக்கொரு ராணியைக் கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடும். ஒரு கூடு மூன்றாகும்.

எறும்பே கொண்டுபோய்க் கூட்டில் கொடுக்கிற மாதிரி மருந்து வைக்க வேண்டும். கடையில் விற்கும் எறும்பு ஜெல் அப்படித்தான். வீட்டில் செய்வதென்றால் ஒன்றரைக் கப் வெந்நீர், அரைக் கப் சீனி, ஒன்றரை மேசைக்கரண்டி போராக்ஸ், கரைத்துப் பஞ்சில் நனைத்து வரிசைக்குப் பக்கத்தில் வையுங்கள். பிள்ளைகளுக்கும் பூனைக்கும் எட்டாத இடம், முக்கியம். போராக்ஸ் சாப்பாட்டில் சேரக்கூடாத பொருள். முதல் நாள் எறும்பு இன்னும் கூடும். பயந்துபோய்த் துடைத்துவிடாதீர்கள். நான்கைந்து நாளில் குறையும். அதற்குப் பிறகு வரிசை வந்த வழியைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள், வாசனைத் தடம் போகும்.

பழைய வீடுகளில் அலமாரிக் கால்களை எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்க வைப்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அந்தக் கிண்ணம் ஏடிஸுக்குத் தொட்டில். உப்பை அள்ளிப் போடுங்கள், இல்லை கொஞ்சம் சமையல் எண்ணெய் விடுங்கள்.

கரப்பானுக்கு ஜெல்லும் வச்சாச்சு, ஸ்ப்ரேயும் அடிச்சாச்சு. ஒண்ணும் கேக்கல.

இரண்டையும் சேர்த்துச் செய்ததுதான் தப்பு. ஸ்ப்ரே வாடை அடிக்கிற இடத்துக்குக் கரப்பான் வராது, ஜெல்லைத் தின்னாது. ஜெல் வைத்தால் அந்தப் பக்கம் ஸ்ப்ரே வேண்டாம். மிளகளவு புள்ளியாகப் பல இடத்தில் வையுங்கள். அலமாரிக் கீல் உள்பக்கம், அடுப்புக்குப் பின்னால், ஐஸ்பெட்டி மோட்டார் ஓரம். ஒரே இடத்தில் பெரிதாகப் பிதுக்கினால் வீண்.

எந்தக் கரப்பான் என்றும் பாருங்கள். கட்டைவிரல் நீளத்தில் செம்பழுப்பாக இருந்தால் சாக்கடையிலிருந்து வருவது. அதற்கு இரண்டாவது கேள்வியில் சொன்ன ஓட்டை மூடிதான் மருந்து. சின்னதாக, கழுத்துக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு இருந்தால் அது வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும் ஜாதி. பெண் கரப்பான் ஒரு முட்டைப் பையில் 30, 40 முட்டையைச் சுமந்துகொண்டு திரியும். இது பெரும்பாலும் கடையிலிருந்து கொண்டுவரும் அட்டைப் பெட்டியிலும் பழைய ஐஸ்பெட்டியிலும் ஏறி வருவது. சாமான் வாங்கினால் அட்டைப் பெட்டியை வெளியிலேயே பிரித்துப் போட்டுவிடுங்கள்.

அரிசியில வண்டு. மூட்டையை மூடித்தானே வச்சேன்?

மூடுவதற்கு முன்பே முட்டை அரிசிக்குள் இருந்திருக்கும். வண்டு அரிசியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு அடைத்துவிடும். பத்து கிலோவுக்குப் பதில் ஐந்து கிலோ வாங்குங்கள், நான்கு நாள் ஐஸ்பெட்டியின் ஃபிரீசரில் வைத்துவிட்டுப் பிறகு இறுக்கமான டப்பாவில் போடுங்கள். காய்ந்த மிளகாய் போட்டால் தப்பில்லை, ஆனால் உள்ளே இருப்பதை அது கொல்லாது.

பூஜை மரப்பலகையில மண் கோடு மாதிரி ஏறுது. மண்ணெண்ணெய் ஊத்தலாமா?

வேண்டாம். அந்த மண் கோடு கரையானின் சுரங்கப்பாதை. உடைத்து மண்ணெண்ணெய் ஊற்றினால் அந்த வழியை விட்டுவிட்டு சுவருக்குள் வேறு வழியில் போகும். நீங்கள் ஒழிந்தது என்று நினைப்பீர்கள். ஓர் இடத்தில் மட்டும் சின்னதாக உடைத்துப் பாருங்கள். இரண்டு நாளில் மறுபடி பூசியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. அதற்கு மண்ணில் மருந்து இறக்குவது அல்லது இரை வைத்துக் கூட்டோடு ஒழிப்பது என்று இரண்டு வழி. இரண்டும் நாமே செய்கிற வேலை இல்லை. ஆள் கூப்பிடும்போது பூச்சிக்கொல்லிச் சட்டம் 1974ன் கீழ் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு தடவை நான் கேட்காமல் விட்டு, ஒருவர் வந்து சுவர் ஓரமாக ஏதோ பால் மாதிரி தெளித்துவிட்டுக் காசை வாங்கிப் போனார். மூன்று மாதத்தில் கதவு நிலை பொக்கையாகிவிட்டது.

மண் இல்லாமல் கட்டிலடியில் மாவு மாதிரி பொடி கொட்டினால் அது கரையான் இல்லை, மரத்தைத் துளைக்கும் வண்டு. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், மருந்தூட்டாத பலகை என்றால் விருந்துதான். மலிவுக் கட்டில் வாங்கும்போது குண்டூசித் துளை இருக்கிறதா என்று அடிப்பக்கம் பாருங்கள்.

ராத்திரி இவ்வளவு பெரிய கொம்பு வண்டு வந்து சுவத்துல மோதுது. பிள்ளைங்க பயப்படுதுங்க.

செம்பனையைச் சாய்த்து மறுநடவு செய்கிற இடத்தில் மக்கும் தண்டுகளில் வளர்வது இது. இளம் செம்பனைக்கும் தென்னைக்கும் எமன், மனிதனை ஒன்றும் செய்யாது. துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள்.

தோட்டத்து வண்டு எல்லாமே கெட்டது என்று நினைக்காதீர்கள். 1981ல் கெமரூனிலிருந்து ஒரு குட்டி வண்டைக் கொண்டுவந்து மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். செம்பனைப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது அதன் வேலை. அதற்கு முன் மகரந்தத் தூளை ஆள் வைத்துக் கையால் தூவிக்கொண்டிருந்தார்கள். பல தோட்டங்களில் அது பெண்களின் வேலை. அந்த வேலையை வண்டு வாங்கிக்கொண்டது.

கூரையில பெரிய குளவிக்கூடு. நெருப்பு வச்சிடலாமா அண்ணே?

நெருப்பும் வேண்டாம், கல்லும் வேண்டாம். 999க்குப் போன் போட்டு தீயணைப்புப் படையான பொம்பாவையோ பொதுத் தற்காப்புப் படையையோ கேளுங்கள். இரவில் உடுப்பு மாட்டிக்கொண்டு வந்து எடுப்பார்கள். அதுவரை அந்தப் பக்கம் புல்வெட்டும் மெஷினை ஓட்ட வேண்டாம், அதிர்வுக்கே கிளம்பிவிடும்.

பாசார் மாலாம்ல சாக்பீஸ் மருந்து ஒரு வெள்ளிக்கு விக்கிறானே, நீங்க ஏன் விக்கிறதில்ல?

பிள்ளை எடுத்துச் சுவரில் படம் போடும், அப்புறம் கையை வாயில் வைக்கும். அதனால்தான். இந்த நாட்டில் முறையாகப் பதிவான மருந்தின் லேபிளில் எல்ஆர்எம்பி என்று ஓர் எண் இருக்கும். அந்தக் கட்டிகளின் அட்டையில் நான் அதைப் பார்த்ததில்லை. பிளக்கில் மாட்டினால் சத்தம் போட்டுப் பூச்சியை விரட்டும் என்கிற பெட்டியும் வாங்காதீர்கள். அதன் மேலேயே கரப்பான் உட்கார்ந்திருந்ததைப் படம் எடுத்துக் காட்டினார் ஒரு வாடிக்கையாளர்.

வீட்டுக்காரர் தோட்டத்துல மருந்தடிக்கிறார். கொஞ்சம் போத்தல்ல கொண்டு வந்திருக்கார். அதையே வீட்டைச் சுத்தி தெளிக்கலாமா அண்ணே?

தங்கச்சி, கூடாது. முதலாவது, அது பெரும்பாலும் களைக்கொல்லி. புல் சாகும், கரப்பான் சாகாது. இரண்டாவது, கொண்டுவந்த போத்தல். மினரல் தண்ணீர் போத்தலிலும் ஆரஞ்சு பானப் போத்தலிலும் ஊற்றி அடுப்படியில் வைத்து, தெரியாமல் குடித்துப் போன உயிர்களைத் தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி ஒரு வாய் போனால் போதும், மாற்று மருந்து கிடையாது. அதை 2020 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் தடை செய்துவிட்டார்கள். ஆனால் பழைய இருப்பு எந்தக் கொட்டகையில் எந்தப் போத்தலில் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் இருக்கிறதைத் தோட்டத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். லோங்காங்கில் கொட்ட வேண்டாம். அவர் வேலை உடுப்பையும் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

எல்லாம் செஞ்சுட்டேன். ஆனா பக்கத்து வீடு மூணு வருஷமா பூட்டிக் கிடக்கு. அங்கிருந்துதான் எல்லாம் வருது. நான் என்ன செய்யட்டும்?

இதுதான் கஷ்டமான கேள்வி. பிள்ளைகள் சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ போய்விட்ட வீடு நம் ஊரில் தெருவுக்கு இரண்டு இருக்கிறது. பூட்டை உடைத்துப் போகாதீர்கள், அது வேறு வம்பு. முதலில் வீட்டுக்காரர் நம்பரைத் தேடிப் பிடியுங்கள். திட்டாமல், படம் எடுத்து அனுப்புங்கள். முக்கால்வாசிப் பேர் நீங்களே ஆள் வைத்துச் சுத்தம் செய்யுங்கள், காசு அனுப்புகிறேன் என்றுதான் சொல்வார்கள். பதிலே இல்லை என்றால் அதே படங்களோடு மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். கொசுப்புழு இருக்கிறது என்ற சொல்லைப் புகாரில் மறக்காமல் எழுதுங்கள். மேலே சொன்ன 1975 சட்டப்படி பூட்டிய வீட்டையும் பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

அதுவரைக்கும் அந்தப் பக்கத்துச் சுவரில் உங்கள் ஓட்டைகளை அடையுங்கள். வேலிக்கு மேலே கை எட்டுகிற தூரத்தில் ஒரு வாளி நிமிர்ந்து கிடந்தால், ஒரு நீளக் கம்பு போதும்.